கழுத்து வலிக்காத ஸ்கோப் ஒன்று சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. .22 ரைபிளில் 50 மீட்டர் தூரத்தில் காகித இலக்கு சுடுவதுதான் என் பொழுதுபோக்கு. போட்டி, வேட்டை எதுவும் கிடையாது.

இப்போது ரைபிள் மேல் இருக்கும் ஸ்கோப்பில் (குறிபார்க்கும் தொலைநோக்கியில்) கண்ணை ரொம்பக் கிட்டே கொண்டுபோனால்தான் முழு வட்டமும் தெரிகிறது. நான் மூக்குக்கண்ணாடி போடுபவன். கழுத்தை நீட்டி நீட்டி, அரை மணி நேரத்தில் வலி வந்துவிடுகிறது. தலை சற்று நகர்ந்தாலும் ஓரத்தில் கறுப்பு நிழல். அதனால் ஐ ரிலீஃப், அதாவது முழு வட்டமும் தெரியக் கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடையே இருக்க வேண்டிய தூரம், 9 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. இதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

3-9×40 (3 முதல் 9 மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி விட்டம் 40 மி.மீ.) வாங்குவதா, 4-12×40 வாங்குவதா என்று மனம் ஊசலாடுகிறது. 9 மடங்கில் கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் சுமார் 4.4 மி.மீ., 12 மடங்கில் 3.3 தான். வட்டம் சிறுத்தால் கண்ணை இன்னும் சரியான இடத்தில் வைக்க வேண்டுமே! ஆனால் விலை குறைந்த 3-9 பலவற்றில் பாரலாக்ஸை (கண் நகர்ந்தால் குறிக்கோடு இலக்கின் மேல் நகர்வதுபோல் தெரிவது) 100 கெஜத்தில் வராதபடி நிலையாக வைத்துவிடுகிறார்கள். 50 மீட்டரில் அது எவ்வளவு தொந்தரவு? முன்வளையத்தைத் திருப்பிச் சரிசெய்யும் வகைக்குக் கூடுதல் காசு கொடுக்கலாமா?

கண்ணாடியோடு சுடுபவர்கள் சொன்னால் பெரிய உதவி. மாடல் பெயரோடு, எத்தனை நாளாகப் பயன்படுத்துகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள்.