புதுப்பிப்பு: நாஸில் ‘டிகிரேடட்’ காட்டியது டிஸ்க் இல்லை, கேபிள்

என் நாஸில் (நெட்வேர்க்கில் கோப்புகளைச் சேமிக்கும் பெட்டி, ஓடுவது ட்ரூநாஸ் மென்பொருள்) மிரர் போட்ட, அதாவது ஒரே தரவை இரண்டிலும் எழுதும், இரண்டு டிஸ்க்கில் ஒன்று அடிக்கடி ‘டிகிரேடட்’ (ஏதோ பழுது) என்று காட்டுது, புதுசு வாங்கத்தான் வேணுமோ என்று முன்பு கேட்டிருந்தேன். வாங்கவில்லை. இங்கே ஒரு அண்ணை சொன்னபடி ஸ்மார்ட் அறிக்கையை (டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்து வைப்பது) திறந்தால் 5, 197 ஆம் இலக்க வரிகள் இரண்டும் பூச்சியம், 199 மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. முதல் இரண்டும் டிஸ்க்கே பழுதாவதைச் சொல்பவை. 199 டிஸ்க்குக்கும் போர்டுக்கும் இடையில் தரவு சிதைந்த தடவைகளின் எண்ணிக்கை, பெரும்பாலும் சாட்டா கேபிள்தான் காரணம். யாழ்ப்பாணம் டவுனில் புதுக் கேபிள் வாங்கி மாற்றி, ட்ரூநாஸ் வைத்திருந்த பிழைக் கணக்கைக் கிளியர் பண்ணி ஸ்க்ரப் (தரவு முழுவதையும் வாசித்துச் சரிபார்ப்பது) ஓடவிட்டேன், சுத்தமாக முடிந்தது. டிஸ்க்கில் பதிந்த 199 திரும்பப் பூச்சியமாகாது, மேலே ஏறாவிட்டால் சரி.

அப்புறம் கரண்ட். யூபிஎஸ்ஸின் யூஎஸ்பி வயரை நாஸில் செருகி நட் (NUT, யூபிஎஸ்ஸைக் கவனிக்கும் மென்பொருள்) சேவையைப் போட்டாச்சு, பற்றரி இறங்கினால் தானாகவே ஒழுங்காக ஓஃப் ஆகிறது.

மிரர் இருக்கே, பேக்கப் எதற்கு என்று கேட்ட தம்பிக்கு: ஒரு கோப்பை அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும்தான் அழியும். ஸ்னாப்ஷொட் (ஒரு நேரத்தில் கோப்புகள் இருந்த நிலையைப் பிடித்து வைப்பது) உதவும், ஆனால் அதுவும் அதே பெட்டிக்குள்தானே. அம்மம்மாவின் கலியாணப் படங்களின் இன்னொரு பிரதி சாவகச்சேரியில் அக்கா வீட்டில் இருக்கிறது, அந்த டிஸ்க்கை மாதம் ஒருக்கா கொண்டுவந்து புதுப்பிப்பேன்.