பழைய சி 90 இன் கலவைத் திருகாணி: காதால் வைப்பதா, காரணம் தேடிய பின் வைப்பதா?

ஏழாலையான்:
வணக்கம் உறவுகளே. அப்பா ஓடிய ஹொண்டா சி 90 ஒன்றை, அவர் விட்டுச் சென்ற நிலையிலேயே வைத்திருக்க வேண்டும் என்ற விருப்பத்தோடு பராமரித்து வருகிறேன். 2022 இல் இலங்கையின் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது, கியூஆர் பங்கீட்டு முறையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோல் கிடைத்த நாட்களில், ஒரு கராச்சில் "எண்ணெய் குறைவாகக் குடிக்கும்" என்று சொல்லி, காபுரேற்றரின் (பெற்றோலையும் காற்றையும் கலந்து இயந்திரத்துக்கு அனுப்பும் பகுதி) பக்கவாட்டில் உள்ள சிறிய பித்தளைத் திருகாணியை, அதாவது கலவைத் திருகாணியை, நன்றாக வெளியே திருப்பி விட்டார்கள். அன்று தொடக்கம், கைப்பிடியை விட்டாலும் றேஸ் (இயந்திரம் சுழலும் வேகம்) உடனே இறங்காமல் சில கணங்கள் தொங்கி நிற்கிறது. வேகத்தைக் குறைக்கும்போது சைலென்சர் படபடவென்று வெடிக்கிறது. கோண்டாவில் கடவையில் ரயிலுக்காகக் காத்து நிற்கையில், சூடான இயந்திரம் தானாகவே அணைந்து விடுகிறது. திருகாணியைப் பழையபடி உள்ளே திருப்பினால் மட்டும் போதுமா?

கொக்குவில் திருத்துநர்:
தம்பி, போதும். 1990 இல் போர்க்காலப் பொருளாதாரத் தடை வந்து யாழ் குடாநாட்டில் பெற்றோல் இல்லாமற் போனபோது, இதே சி 90 வண்டிகளைச் சில துளி பெற்றோல் விட்டு உயிர்ப்பித்து, சூடேறிய பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினோம். அந்த நாட்களில் எங்களிடம் கையேடும் இல்லை, அளவுகோலும் இல்லை. காது ஒன்றுதான் இருந்தது. வண்டியைப் பத்து நிமிடம் ஓடி நன்றாகச் சூடாக்குங்கள். ஐட்லிங்கை (கைப்பிடியைத் திருகாதபோது இயந்திரம் ஓடும் வேகம்) சற்றுக் கூட்டி வைத்துக்கொண்டு, கலவைத் திருகாணியைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் பத்து விநாடி பொறுத்திருந்து கேளுங்கள். சத்தம் உச்சத்துக்கு ஏறி ஒரே சீராக நிற்கும் இடம் ஒன்று வரும். அங்கிருந்து அரைக்கால் சுற்று உள்ளே விட்டு, ஐட்லிங்கைக் குறைத்து விட்டால் வேலை முடிந்தது. கால் மணி நேரம் கூடத் தேவையில்லை.

வடமராட்சி வண்டிக்காரன்:
ஐயா, உங்கள் அனுபவத்துக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் இந்த வரிசையை ஏற்க முடியவில்லை. கலவைத் திருகாணி, கடைசியாகத் தொட வேண்டியது. அதை முதலில் தொட்டால், வேறெங்கோ உள்ள பழுதை அந்தத் திருகாணியால் மூடி மறைத்து விடுவோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். எல்லா வண்டிகளிலும் "உள்ளே திருப்பினால் எண்ணெய் கூடும்" என்பது உண்மையல்ல. திருகாணி, சிலைட்டுக்கும் (கைப்பிடியைத் திருப்ப மேலெழுந்து காற்று வழியைத் திறக்கும் உருளை) எயார் கிளீனருக்கும் இடையில் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துகிறது. உள்ளே திருப்பினால் காற்றுக் குறைந்து கலவை செறிவாகும், அதாவது அதில் பெற்றோலின் பங்கு கூடும். அதுவே சிலைட்டுக்கும் இயந்திரத்துக்கும் இடையில் இருந்தால் கலவையையே கட்டுப்படுத்துகிறது. உள்ளே திருப்பினால் கலவை மெலியும், அதாவது பெற்றோலின் பங்கு குறையும். ஆகவே தம்பி, உங்கள் காபுரேற்றரில் அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கண்ணால் பார்த்து எழுதுங்கள். ஒரே பெயரில் விற்கப்படும் வண்டிகளிலும், மாற்றிப் பூட்டிய காபுரேற்றரால் இது வேறுபட்டிருக்கலாம்.

அடுத்தது, பற்றவைப்பும் வால்வும். பொயின்ற் (தீப்பொறியை உண்டாக்கத் திறந்து மூடும் தொடுமுனைகள்) இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீற்றருக்குள் இருக்கிறதா, இயந்திரம் குளிர்ந்திருக்கையில் வால்வு இடைவெளி 0.05 மில்லிமீற்றர் இருக்கிறதா என்று பார்க்காமல் ஐட்லிங்கைத் திருத்துவது, அத்திவாரத்தைப் பார்க்காமல் சுவருக்குச் சாந்து பூசுவது போன்றது. பிறகு கேபிள்: இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கையில் ஹான்டிலை இடமும் வலமும் முழுமையாகத் திருப்புங்கள். றேஸ் மாறினால் கேபிள் இறுகியிருக்கிறது. அதன் பிறகுதான் காற்றுக் கசிவு.

கொக்குவில் திருத்துநர்:
வண்டிக்காரன் சொல்லும் ஒவ்வொன்றும் சரி. ஆனால் ஒரு திருகாணிக்காக முழு வண்டியையும் கழற்றச் சொல்வது, வேலைக்குப் போகிற மனிதருக்கு நடைமுறையில் ஆகாது. நானும் பல்லாண்டுகளாகப் பார்த்து வருகிறேன்: றேஸ் தொங்குகிறது என்று வரும் வண்டிகளில் பெரும்பாலானவை திருகாணியிலேயே சரியாகி விடுகின்றன. காற்றுக் கசிவென்றால், மனிபோல்ட் (காபுரேற்றரை இயந்திரத்தோடு இணைக்கும் குழாய்) ஓரமாக இரண்டு துளி பெற்றோல் விட்டாலே சத்தம் மாறிக் காட்டிக்கொடுக்கும்.

வடமராட்சி வண்டிக்காரன்:
சூடான சைலென்சர்க் குழாய்க்கு அருகில் பெற்றோல் விடுவதை, தயவுசெய்து, இதை வாசிக்கும் எவரும் செய்ய வேண்டாம். ஒரு கோழி இறகைச் சாதாரண இயந்திர எண்ணெயில் தோய்த்து, மனிபோல்ட் பொருந்தும் விளிம்பிலும் இன்சுலேற்றர் (காபுரேற்றருக்குச் சூடு ஏறாமல் இடையில் வைக்கும் துண்டு) ஓரத்திலும் மெதுவாகத் தடவுங்கள். கசிவு இருந்தால், எண்ணெய் அந்த வெடிப்பில் உறிஞ்சப்படுவதைக் கண்ணால் காணலாம். அந்தக் கணத்தில் றேஸும் மாறும். இறகு ஒன்றுக்காக யாரும் கடைக்குப் போகத் தேவையில்லை.

நாவாந்துறையான்:
என்னிடம் அமல் மொனோபிளொக் காபுரேற்றர் பூட்டிய பழைய பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிள் ஒன்று இருக்கிறது. அதில் திருகாணி காற்றுப் பக்கந்தான். ஒன்றரைச் சுற்றிலிருந்து தொடங்குவேன். நான் சொல்ல விரும்புவது பைலட் ஜெட்டைப் பற்றி, அதாவது ஐட்லிங்கில் பெற்றோல் வரும் சிறு பித்தளைத் துளையைப் பற்றி. தயவுசெய்து அதற்குள் கம்பி விட வேண்டாம். பித்தளைத் துளை ஒரு மயிரளவு பெருத்தாலும் ஜெட் பயனற்றுப் போகும். சிலர் ஈர்க்கு விடுவார்கள். அது உள்ளே முறிந்து கொண்டால் பிறகு பெரும் சிரமம். மெல்லிய தங்கூசித் (நைலோன் மீன்பிடி நூல்) துண்டொன்றை நெருப்பில் காட்டாமல், அப்படியே சரிவாக நறுக்கி விட்டுப் பாருங்கள். அதன் பின்னர் காற்றடித்துத் துளையினூடாக வெளிச்சம் வட்டமாகத் தெரிகிறதா என்று பாருங்கள்.

ஏழாலையான்:
எல்லோருக்கும் நன்றி. பார்த்தேன்: திருகாணி எயார் கிளீனர்ப் பக்கத்தில் இருக்கிறது. திருத்துநர் ஐயா சொன்னபடியே சூடாக்கித் திருப்பினேன். உள்ளே போகப் போக ஐட்லிங் சீராகி வந்தது. ஆனால் உச்சச் சத்தம் வந்த இடம், முழுமையாக மூடிய நிலையிலிருந்து கால் சுற்று மட்டுமே. அந்த அளவில் நேற்றுக் கோண்டாவில் கடவையில் வண்டி அணையவில்லை. இனி அப்படியே விட்டுவிடலாமா?

கொக்குவில் திருத்துநர்:
அணையவில்லை என்றால் விட்டு விடலாம், தம்பி. கையேட்டில் உள்ள சுற்று எண்ணிக்கை புது வண்டிக்கு உரியது. அரை நூற்றாண்டு ஓடிய சிலைட்டும் தேய்ந்த பிஸ்ரனும் புதிய வண்டியின் கணக்குக்கு எப்படிக் கட்டுப்படும்?

வடமராட்சி வண்டிக்காரன்:
இங்கேதான் நான் உறுதியாக மறுக்கிறேன். கால் சுற்று என்பது சரியான அளவு அன்று. அது ஒரு முறைப்பாடு. காற்றுத் திருகாணியை ஏறக்குறைய மூடினால்தான் இயந்திரம் நிற்காது என்றால், பைலட் வழியில் வர வேண்டிய பெற்றோல் வரவில்லை, அல்லது வேறு வழியால் காற்று உள்ளே வருகிறது. அரைச் சுற்றுக்குள் உச்சம் வந்தால் ஜெட் அடைபட்டிருக்கலாம், அல்லது சிறியதாகப் பூட்டப்பட்டிருக்கலாம். இரண்டரை, மூன்று சுற்றுக்கு அப்பால் போனால் ஜெட் பெரிதாகி விட்டது என்று கொள்ளலாம். சிலைட்டின் தேய்வால் சிறு வேறுபாடு வரும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒன்றரை ஒன்றேகாலாகும், ஒன்றேமுக்காலாகும். கால் சுற்றாகாது.

மூடியே ஓடுவதால் உடனடித் தீங்கு இல்லை. ஆனால் மெலிந்த கலவையின் காரணம் அங்கேயே இருக்கும். இன்னும் சில வாரத்தில் ஜெட் மேலும் அடைபட்டால், திருப்புவதற்குத் திருகாணியில் இடமே இராது. இன்னொன்று, தம்பி: மூடும்போது மெதுவாகத் தொட்டவுடன் நிறுத்துங்கள். இறுக்கி அமர்த்தினால் திருகாணியின் கூர்முனையில் வளையம் விழுந்து விடும். அதன் பிறகு எந்த அளவும் நிலைக்காது.

கொக்குவில் திருத்துநர்:
பெற்றோல் மிச்சம் பிடிப்பதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அந்தக் கராச்காரர் முழுத் தவறு செய்தார் என்று நான் சொல்ல மாட்டேன். ஊருக்குள் 30, 35 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் சி 90 இல் கைப்பிடி மிகக் கொஞ்சந்தான் திறக்கிறது. அந்த நிலையில் பைலட் வழியே பெரும் பங்கு வகிக்கிறது. ஆகவே திருகாணி ஐட்லிங்குக்கு மட்டும் உரியது என்ற பேச்சும் சரியல்ல.

வடமராட்சி வண்டிக்காரன்:
இதை முழுமையாக ஏற்கிறேன், ஐயா. நான் எழுதாமல் விட்டது என் குறை. திறப்பில் எட்டில் ஒரு பங்கு வரைக்கும் பைலட் வழியின் ஆட்சிதான்; அதன் பின் சிலைட்டின் அடிவெட்டும், பிறகு சிலைட்டில் தொங்கும் ஊசியும், முழுத் திறப்பில் பெரிய துளையான மெயின் ஜெட்டும் பொறுப்பேற்கின்றன. ஆனால் மெலிய வைத்து மிச்சம் பிடித்தவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். வண்டி அணைகிறது என்று ஐட்லிங்கைக் கூட்டுகிறார்கள், காலையில் சோக்கை நெடுநேரம் போட்டு வைக்கிறார்கள். பருத்தித்துறையிலிருந்து யாழ் நகருக்கு 30 கிலோமீற்றருக்கு மேல் ஓடுகிற எனக்கு, அந்த வழியில் மிச்சப்படப் போவது ஊசியாலும் மெயின் ஜெட்டாலும் காற்று நிறைந்த டயராலுந்தான்.

ஏழாலையான்:
ஞாயிறு முழுவதும் இதற்கே செலவிட்டேன். எழுதுவதற்கு நிறைய இருக்கிறது. இறகில் எண்ணெய் தோய்த்து இன்சுலேற்றர் ஓரத்தில் தடவியபோது, கீழ்ப்பக்கத்தில் ஓரிடத்தில் மட்டும் எண்ணெய் சட்டென்று உள்ளே போனது, றேஸும் தடுமாறியது. கழற்றிப் பார்த்தால், ஓ றிங் (காற்றுப் புகாமல் அடைக்கும் றப்பர் வளையம்) தட்டையாகிக் கல் போல் இறுகிக் கிடந்தது. காபுரேற்றரில் பெற்றோல் தேங்கும் மிதவைக் கிண்ணத்தின் அடியில் வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தது. பைலட் ஜெட்டை வானத்தை நோக்கிப் பிடித்தேன். வட்டம் தெரியவில்லை, பிறை போல் ஒரு கீற்று வெளிச்சந்தான் தெரிந்தது. தங்கூசி விட்டு, காற்றடித்து, புதிய ஓ றிங் போட்டு, திருத்துநர் ஐயாவின் முறைப்படியே காதால் கேட்டு வைத்தேன். உச்சம் வந்த இடம் ஒன்றேகால் சுற்று. அரைக்கால் உள்ளே விட்டேன். கைப்பிடியை விட்டதும் றேஸ் உடனே இறங்குகிறது. சைலென்சர் வெடிப்பும் நின்று விட்டது.

கொக்குவில் திருத்துநர்:
ஓ றிங்கை முதலில் பார்க்கச் சொல்லாதது என் தவறு, தம்பி. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கடைசி அளவை வைத்தது காது என்பதை வண்டிக்காரன் கவனிக்க வேண்டும்.

வடமராட்சி வண்டிக்காரன்:
கவனித்தேன், ஐயா. அதை நான் ஒருபோதும் மறுக்கவில்லை. காது கேட்பதற்கு முன் பழுது அகல வேண்டும் என்பதே என் வாதம். ஏழாலையான், 500 கிலோமீற்றர் ஓடிய பிறகு கிண்ணத்தை ஒருமுறை கழற்றிப் பாருங்கள். வெள்ளைத் தூள் திரும்பவும் இருந்தால், தாங்கிக்குள் தண்ணீர் நிற்கிறது.