சி.என்.சி. ரூட்டருக்கு ஃப்ரேம் கட்டியவர்களின் அனுபவங்கள்

கோவை கணபதியில் எங்களுக்குச் சின்ன மரப்பட்டறை. அப்பா செய்வது பூஜை அறைக் கதவுகள். பூ வேலைப்பாட்டை மெஷின் குடையட்டும், கடைசி மெருகை அவர் உளியால் போடட்டும் என்றுதான், கம்ப்யூட்டர் சொல்கிறபடி மரம் குடையும் இந்த ரூட்டரைக் கட்ட இறங்கினேன். மோட்டார், கட்டரைச் சுழற்றும் ஸ்பிண்டில், கன்ட்ரோலர் எல்லாம் ஒரே வாரத்தில் வந்துவிட்டன. ஃப்ரேமுக்கு மட்டும் நான்கு மாதம் போனது.

75-க்கு 75 மி.மீ. எம்.எஸ். (சாதா இரும்பு) ஸ்கொயர் பைப், 5 மி.மீ. கனம். வெல்டர் நல்ல கைக்காரர், அவசரப்படுத்தியது நான். நான்கு மூலையிலும் முதலில் டேக் (புள்ளி வெல்டிங்) வைத்து, மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டியிருக்க வேண்டும். ஒரு பக்கத்தை முழுசாக முடித்துவிட்டு அடுத்த பக்கம் போனோம். சூடு ஆறியதும் பைப் இழுத்துக்கொண்டது.

மூலைவிட்டம் இரண்டும் ஒரே அளவு காட்டியதால் முதலில் நம்பிவிட்டேன். முறுக்கலை டேப் காட்டாது. எதிரெதிர் மூலைகளுக்குத் தூண்டில் நரம்பை ஒரே உயரத்தில் இழுத்துக் கட்டினேன். நடுவில் இரண்டும் உரச வேண்டும். 1 மி.மீ. இடைவெளி தெரிந்தது. அப்படியென்றால் ஒரு மூலை 2 மி.மீ. விலகி நிற்கிறது. அதன்மேல் மெஷின் ஓடும் ரெயிலை முடுக்கினால் ரெயிலும் சேர்ந்து முறுக்கும், அதில் வழுக்கி ஓடும் பிளாக் இறுகும்.

வெட்டிவிட்டு மறுபடி வெல்டிங் செய்ய மனம் வரவில்லை. மெதுவாக இறுகும் எப்பாக்ஸிப் பிசினை ஊற்றினேன். ரெயில் உட்காரும் இரண்டு பைப்பின் மேலும் ஃபோம் டேப்பால் கரை கட்டி, இரண்டையும் ஒரு குறுக்கு வாய்க்காலால் இணைத்தேன். வயலில் தண்ணீர் நிரவுவதுபோல இரண்டு பக்கமும் ஒரே மட்டத்துக்கு வந்து நின்றது. கரையோரம் எப்பாக்ஸி லேசாக மேலேறும். அதனால் ரெயிலுக்கு இருபுறமும் 15 மி.மீ. கூடுதலாக விடுங்கள். மூன்று நாள் தொடவே இல்லை. அப்புறம் இரவல் வாங்கிய ஸ்ட்ரெய்ட் எட்ஜை வைத்து, நுண்ணிய மேடுபள்ளத்தை முள்ளால் காட்டும் டயல் கேஜை ஓட்டினேன். ஒரு மீட்டரில் முள் 0.05 மி.மீ.-ஐத் தாண்டவில்லை. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். எப்பாக்ஸியைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "கண்ணாடி மாதிரி இருக்குடா" என்றார்.

*

தம்பி, எனக்குக் கீழ் ஃப்ரேம் பிரச்சினையே இல்லை. ஸ்பிண்டிலைச் சுமந்து ஃப்ரேமின் மேல் ஓடும் பாலம், அதாவது கேன்ட்ரி, கெடுத்தது. பெரிய கட்டையும் உள்ளே போகட்டும் என்று பக்கத் தகடுகளை 300 மி.மீ. உயரம் வைத்தேன். தேக்கில் கட்டர் இறங்கினாலே கரகரவென்று சத்தம், வெட்டிய முகமெல்லாம் அலை. ஸ்பிண்டில் மூக்கில் தராசுக் கொக்கியை மாட்டி 5 கிலோ இழுத்தேன். டயல் கேஜில் 0.4 மி.மீ. போனது. தகட்டை 150 ஆக அறுத்தேன். வளைவு நீளத்தின் மும்மடிக்குப் போகும் என்பதால், தகட்டின் கணக்குப்படி எட்டில் ஒரு பங்காக வேண்டும். ரெயில், பிளாக், போல்ட் இவற்றின் ஆட்டமும் சேர்ந்து எனக்கு 0.1 நின்றது. அதுவே போதும், சத்தம் போய்விட்டது. கதவுப் பலகை எவ்வளவு கனம் இருக்கப்போகிறது? 40 மி.மீ. அந்த அளவுக்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

*

அண்ணா சொன்னதையெல்லாம் பார்த்துக் கட்டியும் எனக்கு வட்டம் முட்டையாக வந்தது. கேன்ட்ரி அகலம் 900 மி.மீ., அதைத் தள்ள நடுவில் ஒரே பால் ஸ்க்ரூ (மோட்டார் சுழற்றும் திருகுத் தண்டு). ஓரத்தில் வெட்டும்போது அந்தப் பக்கம் பின்தங்கி, கேன்ட்ரி கோணலாகிறது. கையால் ஒரு ஓரத்தைப் பிடித்துத் தள்ளினாலே கண்ணுக்குத் தெரிந்தது. நடு ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டு, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு 1605 ஸ்க்ரூ (16 மி.மீ. விட்டம், ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகரும்), இரண்டு மோட்டார் போட்டேன். மூலைமட்டம் பார்க்க, பலகையில் 600-க்கு 800 மி.மீ.-ல் சின்னத் துளைகள் போட்டு, குறுக்கே அளந்தேன். 1001.5 வந்தது. ஒரு பக்க மோட்டாரைத் துளித் துளியாகத் திருப்பி, துளையை மறுபடி போட்டு, நாலாவது தடவையில் 1000 பிடித்தேன். அன்றைக்கே 200 மி.மீ. வட்டம் ஒன்றை வெட்டி, எட்டுத் திசையிலும் வெர்னியர் வைத்துப் பார்த்தேன். 0.1-க்குள் அடங்கியது.