கமிஷன் போர்ட்ரெய்ட்: ஸ்கெட்ச்சில் இருக்கும் உயிர் பெரிய கேன்வாஸில் ஏன் போய்விடுகிறது?

கரிக்கோடு:
வாடிக்கையாளர் ஒருவர் கேட்டு வரையும் (கமிஷன்) 60 x 80 செ.மீ. ஆயில் போர்ட்ரெய்ட், கையில் ஆறு வாரம். மூன்று இடங்களில் சிக்கல். சின்ன ஸ்கெட்ச்சில் துள்ளலாக வருவது பெரிய கேன்வாஸில் விறைத்துப்போகிறது. நிழல் பகுதிகள் காய்ந்ததும் திட்டுத்திட்டாக மங்கிவிடுகின்றன. கடைசி வாரத்தில் வாடிக்கையாளர் மாற்றம் கேட்டால் பெயிண்ட் காய நேரமில்லை. வேலையை எந்த வரிசையில் பிரித்துக்கொள்வது?

நிழலும்வெளிச்சமும்:
விறைப்புக்குப் பெரும்பாலும் பிரஷ்தான் காரணம். 15 x 20 செ.மீ. ஸ்கெட்ச்சில் 6 மி.மீ. பிரஷ்ஷின் ஒரே இழுப்பில் கன்னம் முடிந்துவிடும். கேன்வாஸ் நீளத்திலும் அகலத்திலும் நான்கு மடங்கு. பிரஷ் மட்டும் அதே 6 மி.மீ. என்றால் அந்தக் கன்னத்துக்கு இருபது முப்பது கோடுகள் விழும். அங்கேதான் உயிர் போகிறது. 25 மி.மீ. தட்டைப் பிரஷ் எடுங்கள். முகத்தின் பெரிய தளங்கள் எல்லாம் உட்காரும்வரை அதைவிடச் சின்னதைத் தொடவே வேண்டாம்.

முதலில் தம்ப்நெயில் (கையளவுச் சிறு வரைவு), மூன்றே டோனில்: இருள், இடைநிலை, வெளிச்சம். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் தலையின் வடிவம் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் வண்ணம் வந்து காப்பாற்றாது. பிறகு ஜெஸ்ஸோ (பெயிண்டுக்கு முன் அடிக்கும் வெள்ளை அடிப்பூச்சு) பூசிய தாளில் 15 x 20-இல் ஒரு வண்ண ஸ்கெட்ச். எந்த நிழல் குளிர்ச்சி, எது வெதுவெதுப்பு என்ற முடிவெல்லாம் அதிலேயே முடியட்டும். வரைவு, டோன், நிறம் மூன்றையும் பெரிய கேன்வாஸில் ஒரே நேரத்தில் தேடினால் தடவித் தடவிச் சேறாகும்.

ஸ்கெட்ச்சைக் கேன்வாஸுக்கு மாற்றும்போது ஸ்கெட்ச்சில் 2.5 செ.மீ. கட்டம், கேன்வாஸில் 10 செ.மீ. கட்டம். புருவக்கோடு, மூக்கடி, தாடை, வெளி உருவம் இவை போதும். இமை மடிப்புவரை கோடு போட்டுவிட்டால் அதற்குள் வண்ணம் நிரப்பத்தான் கை போகும். அவ்வப்போது மூன்று மீட்டர் பின்னால் போய், கண்ணாடியில் திருப்பிப் பாருங்கள்.

ஆளிவிதை:
மங்கலுக்கு வருகிறேன். கீழ் அடுக்கு எண்ணெயை உறிஞ்சிக்கொள்வதால் வருவது அது. உறிஞ்சும் ஜெஸ்ஸோ, பெயிண்டை நீர்க்கச் செய்யும் டர்பென்டைன் அளவுக்கு மீறுவது இரண்டும் வழக்கமான காரணங்கள். அம்பர் (மண் பழுப்பு), கறுப்பு அதிகமுள்ள இடங்களில் உடனே கண்ணில் படும். தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்தபின், மங்கிய இடத்தில் துளி லின்சீட் ஆயிலை நூல் உதிராத துணியால் தேய்த்து, லேசான மினுக்கம் மட்டும் மிஞ்சும்வரை துடைத்தெடுங்கள். அன்றே அதன்மேல் வேலை செய்துவிட வேண்டும். ஈரமாக விட்டால் பின்னால் மஞ்சளிக்கும்.

ஆயில் பெயிண்ட் ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்ஸிஜனை எடுத்துக்கொண்டு இறுகுகிறது. அதனால் முதல் அடுக்கு எண்ணெய் குறைவாக, மேலே போகப்போகச் சற்றுக் கூடுதலாக. தலைகீழாகப் போனால் மேல்தோல் முன்னே இறுகும், அடியில் உள்ளது பிறகு அசையும், வெடிப்பு வரும். அடி அடுக்குக்கு பர்ன்ட் அம்பர் நல்லது. அதிலுள்ள மாங்கனீசால் மெல்லிய பூச்சு ஓரிரு நாளில் காயும். ஐவரி பிளாக் மெதுவாகக் காய்வது, கீழே வேண்டாம். ஜிங்க் ஒயிட் காலப்போக்கில் நொறுங்கும், டைட்டானியம் போதும். அவசரத்துக்கு அல்கைட் மீடியம் (காய்வதை வேகப்படுத்தும் பிசின் கலவை) சேர்த்தால் மெல்லிய அடுக்கு ஏறக்குறைய ஒரு நாளில் தொடும் பதத்துக்கு வரும். கீழ் அடுக்கிலிருந்தே சேர்த்துவாருங்கள். மெதுவாகக் காயும் எண்ணெய் அடுக்கின்மேல் அதைப் போடக்கூடாது.

எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிக் குப்பையில் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து மூடியுள்ள உலோக டப்பாவில் வையுங்கள். இதில் அலட்சியமே கூடாது.

வேலைப்பட்டியல்:
ஆறு வாரத்தைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். ஆறாவது வாரம் முழுக்கக் காய்வதற்கும் மாற்றத்துக்கும். ஐந்தாவதில் கை நிற்க வேண்டும். மூன்றும் நான்கும் வண்ணம், இரண்டாவது அண்டர்பெயின்டிங் (வண்ணத்துக்கு அடியில் வரும் முதல் அடுக்கு), முதல் வாரம் ஸ்கெட்ச்சும் ஒப்புதலும். அக்ரிலிக் ஜெஸ்ஸோவையும் முதல் வாரத்திலேயே இரண்டு மூன்று கோட் அடித்து மூன்று நாள் விடுங்கள்.

ஒப்புதலை மூன்று இடத்தில் எழுத்தில் வாங்குங்கள்: தம்ப்நெயிலில் நிலையும் உடையும், வண்ண ஸ்கெட்ச்சில் நிறம், அண்டர்பெயின்டிங்கில் முகச்சாயல். கட்டணத்தையும் படிகளாகப் பிரிக்கலாம்: தொடக்கத்தில் 40 சதவீதம், அண்டர்பெயின்டிங்கில் 30, ஒப்படைக்கும் முன் 30. இரண்டு மாற்றம் இலவசம், அதற்குமேல் தனிக் கட்டணம் என்று முதலிலேயே எழுதிவிடுங்கள்.

வழக்கமான டமார் வார்னிஷ் (மரப்பிசினில் செய்த இறுதிப் பூச்சு) அடிக்க ஆறு மாதம் முதல் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். இப்போதைக்கு ரீடச் வார்னிஷ் (மெல்லிய தற்காலிகப் பூச்சு) போதும்; பிறகு வார்னிஷ் அடிக்கப் படம் திரும்ப வரவேண்டும் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். பேக்கிங்கில் பபிள் ராப் பெயிண்டில் படவே கூடாது, வட்ட வட்டமாகத் தடம் விழும்.

கரிக்கோடு:
நன்றி. பின்னணி நிறத்தை மட்டும் ஐந்தாவது வாரத்தில் மாற்றச் சொன்னால்?

நிழலும்வெளிச்சமும்:
அது பின்னணியோடு நிற்காது. புது நிறத்தை முடிக்குள்ளும் தோள் விளிம்புக்குள்ளும் கொஞ்சம் இழுத்து, அது ஈரமாக இருக்கும்போதே விளிம்பைத் திரும்ப வரைய வேண்டும். இல்லையென்றால் உருவம் கத்தரித்து ஒட்டியதுபோல் நிற்கும். தோலில் விழும் எதிரொளியும் மாறும், தாடைக்கு அடியில் முதலில் பாருங்கள். ஒரு முழு நாள் வேலை என்று கணக்கிட்டுக் கட்டணம் சொல்லுங்கள். நிறம் உறுதியாகும்வரை பின்னணியை மெல்லிசாகவே வையுங்கள். தடித்த பழைய பிரஷ் தடங்கள் புது நிறத்துக்கு அடியிலும் தெரியும்.