ஊருக்கும் ட்ராக்குக்கும் ஒரே பிரேக் பேட் – போலோ ஜிடி டிஎஸ்ஐ

போரூர் போலோ:
வணக்கம் மக்களே. வண்டி போலோ ஜிடி டிஎஸ்ஐ, 1.2 லிட்டர், டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியர். செகண்ட் ஹேண்ட்ல எடுத்தது. எஞ்சின்ல கை வைக்கல, டயர் மட்டும் நல்லதா மாத்தியிருக்கேன். வாரம் முழுக்க சிறுசேரி ஆபீஸ் ஓட்டம், லீவு நாள்ல அம்மாவக் கூட்டிட்டு காஞ்சிபுரம். ட்ராக் டே (நம்ம சொந்த வண்டிய ரேஸ் ட்ராக்ல ஓட்டிப் பாக்குற நாள்) வச்சாங்கன்னா இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்.

முதல் ரெண்டு லேப் அருமையா நிக்குது. அப்புறம் மெயின் ஸ்ட்ரெய்ட் முடிஞ்சு மிதிக்கும்போது பெடல் நீளமா உள்ள போகுது. பிட்ல நிறுத்தி ஆறவிட்டா ஓரளவு திரும்ப வருது, ஆனா காலையில இருந்த கெட்டி வரல. இருக்கிறது கம்பெனி பேட், பாதிக்கு மேல கனம் இருக்கு. பிரேக் ஆயில் எப்ப மாத்தினாங்கன்னு பழைய ஓனரோட சர்வீஸ் புக்ல இல்ல.

ஒரு கடையில ரேஸ் பேட் போடுங்கறாங்க, இன்னொரு கடையில செராமிக்குங்கறாங்க. ட்ராக்லயும் தாங்கணும், அம்மா பக்கத்துல உக்காந்திருக்கும்போது கிரீச்சுன்னு கத்தவும் கூடாது. அப்படி ஒரே செட் கிடைக்குமா?

ரெட்லைன் ராஜா:
இபிசி கம்பெனியோட யெல்லோஸ்டஃப் பேட் போடுங்க ப்ரோ. பிரச்னை முடிஞ்சுது.

அம்பத்தூர் ஸ்பானர்:
முடியாது ராஜா. இவர் பேட் மாத்தினாலும் அதே ஸ்ட்ரெய்ட்ல அதே பெடல்தான் உள்ள போகும்.

தம்பி, நீங்க எழுதினதுலயே விடை இருக்கு. பேட் சூடேறி கைவிட்டா பெடல் கெட்டியாத்தான் இருக்கும். எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நிக்காது. பெடலே தொளதொளன்னு உள்ள போச்சுன்னா கொதிக்குறது ஆயில். இந்த ரெண்டையும் ‘பிரேக் ஃபேட்’னு ஒரே பேர்ல சொல்லித்தான் கடைக்காரங்க பேட் வித்துட்டிருக்காங்க.

பிரேக் ஆயில் காத்துல இருக்குற ஈரத்த இழுக்கும். டாட்ங்கறது பிரேக் ஆயிலோட தர வகை. டாட் 4 ஆயில் புதுசுல குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்காம இருக்கணும். அதுல 3.7 சதவீதம் தண்ணி சேந்துட்டா, 155 டிகிரி தாங்கினாலே போதும்ங்கறதுதான் விதி. நம்ம சென்னைக் காத்துல வருஷக்கணக்கா கிடந்த ஆயில் என்ன கதியில இருக்கும்னு நீங்களே பாத்துக்கங்க. கொதிச்சா ஆவிக்குமிழ் வரும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். உங்க கால் பலமெல்லாம் அந்த ஆவிய அமுக்கவே போயிடுது.

சூடு எவ்வளவுன்னு ஒரு கணக்கு. வண்டி உங்களோட சேத்து 1,200 கிலோன்னு வைங்க. 150 கிலோமீட்டர் வேகத்துல இருந்து 70க்கு இறக்கினா சுமார் 800 கிலோஜூல். ரெண்டரை லிட்டர் தண்ணிய அறைச்சூட்டுல இருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோற அளவு, அதுவும் சில நொடியில. அதுல பெரும்பங்கு முன்னாடி டிஸ்க் ரெண்டுக்கும்தான் போகுது, உங்க வண்டியில பின் வீலுக்கு டிரம் பிரேக். லேப்புக்கு லேப் இது நடக்குது, நடுவுல ஆற நேரமில்ல.

அதனால முதல்ல ஆயில மொத்தமா மாத்தி, நாலு வீல்லயும் ஏர் எடுங்க. மேல இருக்குற டப்பாவுல மட்டும் உறிஞ்சிட்டு புதுசு ஊத்துறது கணக்குல வராது. கொதிக்குற ஆயில் காலிப்பர் (பேட டிஸ்க் மேல அழுத்துற பாகம்) பக்கத்துலதான் இருக்கு. மோட்டுல் ஆர்பிஎஃப் 600 புதுசுல 312 டிகிரி வரைக்கும் தாங்கும். ஆனா வருஷா வருஷம் மாத்தணும். டாட் 5.1 ஊத்தலாம். வெறும் டாட் 5 சிலிகான் ஆயில், அது உங்க வண்டிப் பக்கமே வரக்கூடாது.

இப்ப பேட். ஒரே செட்ல ரெண்டும் வேணும்னா ஏதாவது ஒரு பக்கம் விட்டுக்கொடுத்தே ஆகணும். ட்ராக் பக்கம் விட்டுக்கொடுங்க. ஃபெரோடோ டிஎஸ்1.11, ஹாக் டிடிசி-60 மாதிரி முழு ரேஸ் பேட் சூடேறினாத்தான் சரியாக் கடிக்கும். காலையில வண்டிய எடுத்ததும் கத்திப்பாராவுல ஆட்டோ குறுக்க விழுவான், அந்த முதல் மிதியிலயே வண்டி நிக்கணும். ஜில்லுனு இருக்கும்போது அந்தப் பேடெல்லாம் டிஸ்க்கையும் தின்னும், கத்தவும் செய்யும். செராமிக் நேர் எதிர்: சத்தம் இல்ல, தூசி இல்ல, ட்ராக் சூட்டுக்குப் பெரும்பாலும் தாங்காது. உங்களுக்கு நடுவுல நிக்குறதுதான் சரி. ராஜா சொன்ன யெல்லோஸ்டஃப் அந்த வகைதான். ஃபெரோடோ டிஎஸ்2500ம் அப்படித்தான், ஆனா கொஞ்சம் கத்தும், அம்மாகிட்ட முன்கூட்டியே சொல்லிடுங்க.

வாங்கும்போது பேட் விளிம்புலயோ பின் தகட்டுலயோ அச்சடிச்சிருக்குற ரெண்டு எழுத்தப் பாருங்க. முதல் எழுத்து சாதாரணச் சூட்டுல பிடிப்பு, ரெண்டாவது நல்ல சூட்டுல. இ-ன்னா உராய்வு எண் 0.25 முதல் 0.35, எஃப்-னா 0.45 வரைக்கும், ஜி-ன்னா 0.55 வரைக்கும். ரெண்டாவது எழுத்து முதல் எழுத்தவிட இறங்கியிருந்தா ட்ராக்குக்கு அத எடுக்காதீங்க. ஆனா எழுத்து நல்லா இருக்குன்னு ட்ராக்குக்குத் தாங்கும்னும் அர்த்தமில்ல. சோதனையில காட்டுற சூடு ட்ராக் சூட்டுக்குக் கீழதான்.

செட்டிபாளையம் சிவா:
அண்ணா சொன்னதுல ஆயில் கதை நூத்துக்கு நூறு சரிங்க. பேட் விஷயத்துலதான் நான் ஒத்துக்கமாட்டேனுங்க. நான் கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வே ரேஸ் ட்ராக்ல ஓட்டறவன். ட்ராக் 2.1 கிலோமீட்டர்தான், ஒரு பிரேக்குக்கும் அடுத்த பிரேக்குக்கும் நடுவால டிஸ்க் ஆறவே ஆறாது. நடுவால நிக்கற பேட் அங்க எனக்குத் தாங்கலீங்க. அதனால ரெண்டு செட் வெச்சிருக்கேன். முந்தின நாள் ராத்திரி ரேஸ் பேட் மாட்டிப்போட்டு, திரும்பி வந்து கழட்டிருவேன். முன்னாடி மட்டும்தானுங்க, பெரிய வேலையில்ல.

அம்பத்தூர் ஸ்பானர்:
சிவா, நீங்க கழட்டி மாட்டத் தெரிஞ்சவர். அப்படிப்பட்டவங்களுக்கு ரெண்டு செட்தான் சரி, மறுக்கல. ஆனா ஒரு காம்பவுண்டு (பேட் செஞ்சிருக்குற கலவை) டிஸ்க் மேல படியவச்ச படலத்துல இன்னொரு காம்பவுண்டு ஒழுங்கா உக்காராது, பெடல் அதிரும். டிஸ்க்கும் ரெண்டு ஜோடி வச்சுக்கிட்டா நிம்மதி. தம்பி வருஷத்துக்கு எத்தன தடவ ட்ராக்குக்குப் போறார்ங்கறதப் பொறுத்தது அது.

போரூர் போலோ:
ரொம்ப நன்றிண்ணா. வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவதான் போறேன், ஒரே செட் போதும். ஆயில மாத்தச் சொல்லிட்டேன், கழட்டினது கறுப்பா வந்துச்சாம். பெட்-இன், அதான் புது பேட டிஸ்க்கோட பழக்குறது, எங்க பண்றது? ஈசிஆர்ல பண்ணலாமா?

அம்பத்தூர் ஸ்பானர்:
ஈசிஆர் வேணாம், பின்னாடி வர்றவன் உங்க டிக்கியில ஏறிடுவான். வண்டியே இல்லாத விடியற்காலை ரோடு பாருங்க. பேட் கம்பெனிக்காரன் டப்பாவுல போட்டிருக்குற முறைதான் முதல். பொதுவா 80ல இருந்து 20 வரைக்கும் நிதானமா இறக்குறது, முழுசா நிறுத்தாம, நடுவுல கொஞ்ச தூரம் விட்டு விட்டு. கடைசியில பிரேக்கத் தொடாம ஓட்டி ஆறவிடணும். சூட்டோட நின்னு பெடல மிதிச்சுட்டே இருந்தா பேட் இருக்குற இடத்துல மட்டும் திட்டா ஒட்டிக்கும். ட்ராக்லயும் அதேதான்: மூணு லேப் வேகமா, ஒரு லேப் ஆறவிட்டு, அப்புறம் பிட். பிட்ல ஹேண்ட்பிரேக் போடாதீங்க, வீலுக்குக் கட்டை வைங்க.

இன்னொண்ணு, ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி ஒரு வீலக் கழட்டி பேடோட வடிவத்தையும் டிஸ்க் விட்டத்தையும் அளந்துக்கங்க. வெளிநாட்டு போலோவுக்கு வர்ற டிஸ்க் அளவு பல விதம். போலோன்னு மட்டும் சொல்லி வாங்கினா மாறி வரும், டப்பாவப் பிரிச்சுட்டா கடையில திருப்பி எடுக்கமாட்டாங்க.