மகளை பேஸ்பாலில் விடலாமா, சாஃப்ட்பாலுக்கு மாற்றணுமா?

சேது67:
2014-ல் அமெரிக்காவில் நடந்த சிறுவர் பேஸ்பால் போட்டியான லிட்டில் லீக் உலகத் தொடரில் மோனே டேவிஸ் என்ற 13 வயதுச் சிறுமி, நாஷ்வில் அணியை ஒரு ரன்கூட எடுக்க விடாமல் 8 பேரை ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் மட்டையாளரை வெளியேற்றுவது) செய்தாள். அதைக் காட்டியே எல்லோரும் பேசுகிறார்கள். அந்த வயதில் பந்து வீசும் தூரம் 46 அடிதான். பெரியவர்களுக்கு 60 அடி 6 அங்குலம். 15 வயதில் பையன்கள் திமுதிமுவென்று வளர்ந்துவிடுவார்கள். பேஸ்பால் மாதிரியே பெண்கள் ஆடும் சாஃப்ட்பால் இருக்கும்போது எதற்கு வீம்பு?

மலர்விழி:
டேபிள் டென்னிஸ் பெயரிலும்தான் டென்னிஸ் இருக்கிறது, மாறிக்கொள்வீர்களா? சாஃப்ட்பாலில் பந்தே பெரிது, கையைத் தாழ்த்திச் சுழற்றி எறியணும். தோளுக்கு மேல் எறிந்து பழகிய பிள்ளை முதலிலிருந்து தொடங்கணும்.

1972-ல் அமெரிக்காவின் ஹோபோக்கன் ஊரில் மரியா பெப்பே என்ற சிறுமி லிட்டில் லீக் அணியில் மூன்று ஆட்டம் ஆடியதோடு நிறுத்தப்பட்டாள். வழக்குப் போட்டு, 1974-ல் லிட்டில் லீக் பெண்களைச் சேர்த்துக்கொண்டபோது அவளுக்கு வயது கடந்திருந்தது. அதே வருடம் சாஃப்ட்பால் பிரிவும் வந்தது. முன்வாசலைத் திறந்துவிட்டுக் கொல்லைப்புறம் கைகாட்டிய மாதிரி!

சேது67:
மோனே டேவிஸே கல்லூரியில் சாஃப்ட்பால்தானே ஆடினார்?

மலர்விழி:
தெருவில் ஒரே கடை இருந்தால் அங்கேதான் வாங்குவார்கள்.

கேலரி கணேசன்:
1931-ல் 17 வயதுப் பெண் ஜாக்கி மிட்செல், அந்தக் கால பேஸ்பால் ஜாம்பவான்கள் பேப் ரூத்தையும் லூ கெரிக்கையும் அடுத்தடுத்து ஸ்ட்ரைக் அவுட் செய்ததை யாரும் சொல்லவில்லையே!

சேது67:
கணேசன், அது காட்சி ஆட்டம். கூட்டம் சேர்க்க நடத்திய நாடகம் என்று அப்போதிருந்தே பேச்சு உண்டு.

மலர்விழி:
அதை விடுங்கள், எனக்கு ரூத்தை வெல்லும் பெண் வேண்டாம். ஜப்பானைப் பாருங்கள். பள்ளி மாணவிகளுக்கே தனி பேஸ்பால் போட்டி. 2021 முதல் இறுதி ஆட்டம், பையன்களின் பள்ளிப் போட்டிக்குப் பேர்போன கோஷியன் மைதானத்தில். பெண்கள் உலகக் கோப்பையை 2008 முதல் தொடர்ந்து 7 முறை வென்றிருக்கிறார்கள். பையன்களை ஜெயித்தா அந்த இடத்துக்கு வந்தார்கள்?

சேது67:
தனி அணி என்றால் எனக்குச் சண்டையே இல்லை. ஆனால் சின்ன ஊரில் ஒரு அணிக்கு வேண்டிய ஒன்பது பெண்களுக்கு எங்கே போவது?

மலர்விழி:
சேரும்வரை பையன்களோடு ஆடட்டும்.

சேது67:
46 அடி வரை சரி. அதற்கப்புறம்?

மலர்விழி:
முடியாவிட்டால் பயிற்சியாளர் அணியில் எடுக்க மாட்டார். பையன்களையும் அப்படித்தானே கழிக்கிறார்.