துடுப்புப் படகுப் போட்டியில் தொழிலாளிக்கு ஏன் இடமில்லை?

கேள்வி – நதிக்கரை

ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் 1829இல், இங்கிலாந்தில் தேம்ஸ் நதிக்கரை ஊரான ஹென்லியில் முதன்முதலாகப் படகுப் பந்தயத்தில் மோதின. அதற்கு நூறாண்டு முன்பே, 1715 முதல், தேம்ஸ் நதிப் படகோட்டிகளுக்கென்று டாகெட் பந்தயம் நடந்துவந்திருக்கிறது. நதியிலேயே பிழைத்த அந்தப் படகோட்டிகளைப் பிற்காலத்து ஹென்லி போட்டிகளில் ஒதுக்கியது ஏன்? பணத்துக்காகப் போட்டியிட்டார்கள் என்பதுதான் காரணமா?

பதில் – பழைய ஏடு

பணம் மட்டும் காரணமாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வராது. ஹென்லி நிர்வாகிகளின் 1879ஆம் ஆண்டு விதியைப் பாருங்கள். அமெச்சூர்கள், அதாவது பணத்துக்காக அல்லாமல் விளையாடுபவர்கள், மட்டுமே அங்கே போட்டியிடலாம். பரிசுப் பணத்துக்குத் துடுப்பு வலித்தவர் அமெச்சூர் இல்லை என்பதோடு அந்த விதி நிற்கவில்லை. கைவினைஞர், கூலித் தொழிலாளி ஆகியோரும் அமெச்சூர் இல்லை என்றது. பந்தயத்தில் ஒரு காசுகூட வாங்காத தச்சருக்கும் கதவு அடைபட்டது.

உடலுழைப்பு தரும் வலிமை நியாயமற்ற சாதகம் என்று வாதிட்டார்கள். அப்படியானால் மேல்தட்டுப் பிள்ளைகள் சிறுவயதிலிருந்தே ஈட்டன் பள்ளியில் பெற்ற பயிற்சி சாதகம் இல்லையா? கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரிக்குள்ளேயே, ஈட்டன், வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளிகளில் படித்தவர்களுக்கென்று ‘மூன்றாம் டிரினிட்டி’ என்ற தனிப் படகுக் கிளப் இருந்தது. அதை எவரும் குறை சொல்லவில்லை.

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. டைன் நதிக்காரர் ஹாரி கிளாஸ்பர் சிறுவயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். படகின் விளிம்புக்கு வெளியே நீளும் இரும்புத் தாங்கியில் துடுப்பைப் பொருத்தும் முறையை 1840களில் செம்மைப்படுத்தியவர்களில் முதன்மையானவர். 1846 பந்தயத்தில் இரு பல்கலைக்கழகங்களும் அந்த வகைப் படகில்தான் ஏறின. தொழிலாளியின் கைவேலை வேண்டும், தொழிலாளி வேண்டாம்!

பதில் – ஆற்றுமணல்

எதிர்த்தவர்களும் இருந்தார்கள். கேம்பிரிட்ஜில் படித்த ஃபிரெடரிக் ஃபர்னிவால், தொழிலாளர் கல்லூரியில் பாடம் நடத்தியவர். தொழிலாளரையும் சேர்த்துக்கொள்ளும் தேசிய அமெச்சூர் துடுப்புப் படகுச் சங்கம் 1890இல் உருவானபோது அவர் முன்னின்றார். 1896இல் ஹாமர்ஸ்மித்தில் பெண்களுக்கென்றே ஒரு கிளப்பும் தொடங்கினார்.

நதிக்கரை

நன்றி. அந்த விதி எப்போது நீங்கியது?

பழைய ஏடு

1937இல். அதற்கு முந்தைய ஆண்டுதான் ஆஸ்திரேலியாவின் ஒலிம்பிக் எண்மர் அணி ஹென்லியில் அனுமதி மறுக்கப்பட்டது. அவர்கள் காவலர்கள், அந்த வேலையையும் உடலுழைப்புக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். தொழிலாளரை விலக்கிவைத்த அமெச்சூர் துடுப்புப் படகுச் சங்கமும், ஃபர்னிவால் முன்னின்ற தேசியச் சங்கமும் ஒன்றாக இணைய 1956 வரை ஆயிற்று.